நண்பகலுக்குப் பின் தூண்டில் வேண்டாம்

ஜூலை 8
என் தூண்டில் கடைக்கு வழக்கமாக வரும் கர்ட்டிஸ் வந்தான். கடையின் பின்வெளியில் என் தூண்டில் கோல்களை மாற்றி மாற்றி வீசிப் பார்த்தான். மணிக்கட்டைப் பிடித்து நானே பழக்கினேன். பிறகு என் வாசலிலேயே நின்று, அதே கோலைக் கைபேசியில், இணையக்கடையில் வாங்கினான்!

"கோவிச்சுக்காத நெல்ஸ், அங்க விலை கம்மி."

என் கடை என்ன, கண்காட்சியா?

ஜூலை 11
விடியலில் ஆற்றுக்கல்லைப் புரட்டி, எந்தப் பூச்சி எழுகிறதென்று கண்டு, அதைப் போல இறகால் கட்டிய தூண்டில் ஈ எதுவென்பதையும் நீரின் வெப்பத்தையும் வாசல் கரும்பலகையில் எழுதுகிறேன். எவருக்கும் இலவசம். இவ்வாற்றுக் கடைகளின் வழக்கம் அது. அந்த எழுத்து, வரிக்கு வரி, அந்த இணையக்கடையின் செயலியில் இருக்கிறது! கடையில் எனக்கு ஈ கட்டித் தரும் பெர்னிஸ்தான் காட்டினாள். படம் எடுத்து அனுப்புபவன் கர்ட்டிஸ்.

"தள்ளுபடி தர்றாங்கப்பா" என்கிறான். வெட்கமே இல்லை.

ஜூலை 12
பலகையைத் துடைத்தேன். இனி வெறுங்கருமையைத் திருடட்டும்.

ஜூலை 19
கொடும் வெயில். பெர்னிஸ் ஈ கட்டியபடியே சொன்னாள்: "ஆறு கொதிக்குது. மத்தியானம் யாரும் போகாதீங்கன்னு எழுதிப் போடேன்."

"மாட்டேன்."

"மீனு என்னய்யா பண்ணுச்சு உனக்கு?"

எழுதவில்லை.

ஜூலை 21
பாலத்தின் கீழே வெள்ளை வயிறுகள் மிதந்தன. சூடான நீரில் தூண்டிலோடு போராடிய டிரவுட் மீன், திரும்ப ஆற்றில் விட்டாலும் பிழைக்காது. கர்ட்டிஸ் ஒன்றை இரு கையில் ஏந்தி வந்தான். "உயிரோடதான் விட்டேன் நெல்ஸ். நல்ல நாள்னு செயலியில போட்டிருந்துச்சே!"

"தண்ணியத் தொட்டுப் பாத்தியாடா?"

"அதான் நீ பாப்பியே எப்பவும்."

யார்மேல் சீறுவது — அவன்மேலா? என் பலகை வெறுமையானதால் பழைய வரிகளையே போட்ட அந்தக் கயவர்கள்மேலா? துடைத்த கை யாருடையது?

ஜூலை 22
பெரிதாக எழுதினேன்: நீர் சூடு. நண்பகலுக்குப் பின் தூண்டில் வேண்டாம். "எடுத்து அனுப்புடா" என்று கர்ட்டிஸிடம் நானே சொன்னேன். அனுப்பினான். அவர்கள் போடவில்லை! அவனுக்கு வந்த மறுமொழி: "வேணாம்னு சொன்னா எவன் வாங்குவான்?"

அறமற்ற வணிகமே, நீ எங்கள் ஆற்றையும் விற்பாயா?

ஜூலை 23
கர்ட்டிஸும் நானும் பலகையைக் கழற்றிப் பாலத்தருகே, வண்டிகள் நிற்குமிடத்தில் நட்டோம். புதுத் தூண்டில் பளபளக்க ஒருவன் எகிறினான்: "நீ யாருய்யா தடுக்க?"

எனக்கு முன்பே கர்ட்டிஸ் பாய்ந்தான்: "தூண்டில் கடைக்காரரு. உனக்கு வித்தா அவருக்குத்தான் லாபம். அவரே வேணாங்குறாரு, கிளம்பு!"

ஜூலை 24
விற்பனை இல்லை. பாலத்தில்தான் இருந்தோம்.

ஆகஸ்டு 2
மழை. ஆறு குளிர்ந்தது. பலகை பாலத்திலேயே இருக்கட்டும்; அதில் வெப்பம் மட்டுமே எழுதுவேன். எந்த ஈ என்று அறிய வேண்டுமானால் கடைக்குள் வரட்டும்.

ஆகஸ்டு 3
முதலில் வந்தவன் கர்ட்டிஸ். "இன்னிக்கு எந்த ஈ?"

பெர்னிஸ் நிமிரவேயில்லை. "உன் போனக் கேளேன்."

"வண்டியில வெச்சுட்டு வந்துட்டேன் அக்கா."

சொன்னேன். கைநிறைய எடுத்தான். விலை கேட்கவில்லை.