மூன்றாவது முடிச்சு

2025 மே 2, வெள்ளி

கள்ளக்குறிச்சி போய் நிச்சயதார்த்தத்துக்கு வெற்றிலை பாக்கும் மகள் ஷாலினிக்கு வளையலும் வாங்கி வந்தேன். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்ததில் கால் வீங்கிவிட்டது. அங்கன்வாடிக்கு லீவு என்றுதான் பெயர், ஓய்வு எங்கே?

மே 4, ஞாயிறு

கோபப்படுவதா சிரிப்பதா, எனக்கே தெரியவில்லை.

எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. சம்பந்தி தைலம்மாள் சின்னசேலத்திலிருந்து வேன் வைத்து ஜனங்களைக் கூட்டி வந்தார். மாப்பிள்ளை சந்தோஷ் ஷாலினியைப் பார்ப்பதும் கேசரியைப் பார்ப்பதுமாக இருந்தான். தட்டு மாற்றும் நேரத்தில் தட்டை எடுத்து என் அண்ணன் கையில் கொடுத்துவிட்டேன். தாய்மாமன் ஆயிற்றே. பக்கத்தில் என் நாத்தனார் சின்னப்பொண்ணு, பெண்ணின் அத்தை, பட்டுப்புடவையோடு கையை நீட்டிக்கொண்டு நின்றதை நான் பார்க்கவே இல்லை.

"நான் இன்னா இங்க பந்தக்காலா?" என்று ஆரம்பித்தார். அதோடு விட்டிருக்கலாம்.

"ஒன் கல்யாணமே செல்லாது. நீ ஒம் பொண்ணுக்குக் கல்யாணம் பண்ண வந்துட்டியா?"

எங்கள் வழக்கத்தில் தாலிக்கு முதல் முடிச்சை மாப்பிள்ளை போடுவார். மற்ற இரண்டும் நாத்தனார் போட வேண்டும்.

"ரெண்டாவதோட சரி. மூணாவது நான் போடவே இல்ல! அட்சத கண்ணுல வுழுந்துடுச்சி. கண்ணத் தேச்சிக்கினு நிக்கறேன், மேளம் நின்னுபோச்சி, அல்லாரும் பந்திக்கு ஓடிட்டாங்க. நான் யார்கிட்ட போய்ச் சொல்றது?"

இவர், என் வீட்டுக்காரர் பொன்னுரங்கம், "ஏங்க்கா, அத இப்பவா சொல்லுவ?" என்று மட்டும் கேட்டார். ஏதோ கடையில் மீதிச் சில்லறை வாங்க மறந்துவிட்ட மாதிரி.

தைலம்மாள் கேசரித் தட்டைக் கீழே வைத்தார். "கோச்சிக்காதீங்க. முறையாக் கல்யாணம் ஆவாதவங்க எப்படிங்க பொண்ணத் தாரவாத்துக் குடுப்பாங்க? சாமி குத்தம் ஆயிடாதா? இத சரி பண்ணிட்டு சொல்லியனுப்புங்க."

வேன் போய்விட்டது. ஷாலினி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மே 5

கல்யாண ஆல்பத்தைப் பிரித்துப் பார்த்தோம். தாலி கட்டும் படம் எல்லாவற்றிலும் என் கழுத்துக்குப் பின்னால் பெரியப்பாவின் வழுக்கைத்தலைதான் இருக்கிறது.

நாத்தனாருக்குப் போன் செய்தேன். "அண்ணி, ஆடிப்பெருக்குக்கு ஆடிப்பெருக்கு கயிறு மாத்தி நானேதான முடிச்சுப் போட்டுக்கறேன்?" என்றேன். "அது நீ போட்ட முடிச்சி. மொத நாள் முடிச்சிதான் சாமிக்குத் தெரியும்" என்றார்.

அப்படியென்றால் இத்தனை வருடமாக என்னை நானே கட்டிக்கொண்டிருக்கிறேனா?

மே 7

கள்ளக்குறிச்சியில் ஒரு குருக்களைப் போய்ப் பார்த்தோம். நல்ல மனுஷர். "முடிச்செல்லாம் பெரிசில்லம்மா. அக்னி சாட்சியா ஏழு அடி வச்சேளோ இல்லியோ, அதான் விவாகம்" என்றார். எனக்கு உயிர் வந்தது. இவர் சும்மா இருக்கக்கூடாதா? "சாமி, பொகை ஜாஸ்தியா இருக்குதுன்னு மண்டபத்துக்காரரு ஃபேனைப் போட்டாரு. நெருப்பு அணைஞ்சிப் போச்சி. அப்புறந்தான் சுத்தனோம்" என்றார்.

குருக்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

ஒரு குறையோடு போனோம். இரண்டு குறையோடு திரும்பினோம்.

மே 8

இவருக்கு ஆட்டுக்கொட்டகையில் கட்டில் போட்டுக் கொடுத்தேன். "இன்னா மலரு இது?" என்றார். அந்நிய ஆம்பளைக்குப் பதில் சொல்லிப் பழக்கம் இல்லை.

மே 9

இவர் துணியையும் துவைக்கவில்லை. மனசுக்கு இதமாக இருக்கிறது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

மே 11

நாத்தனார் இறங்கி வந்திருக்கிறார். ஷாலினி அவர் மடியில் படுத்து அழுதிருக்கிறாள். அந்தப் பெண் மேல் அவருக்கு உயிர். "மலைக்குப் போலாம். நம்ப கொலசாமிகிட்ட மறுபடியும் கட்டிடலாம். நானே வந்து மூணு இல்ல, முப்பது முடிச்சி போடறேன்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். தைலம்மாளும் சாட்சிக்கு வருகிறாராம்.

மே 14, புதன்

கல்வராயன் மலைக்குப் போய் வந்தோம்.

வளைவுக்கு வளைவு நாத்தனார் வாந்தி. இவர் வெள்ளை வேட்டி கட்டி, மீசைக்கு மை பூசியிருந்தார். வியர்வையில் அது உதடு வரைக்கும் இறங்கிவிட்டது.

பூசாரி காத்தான் சாமைக்கொல்லையிலிருந்து நேராக வந்தார். நடந்ததை எல்லாம் நாத்தனார் ஒப்பித்தார். பூசாரி சிரித்துவிட்டார்.

"கயிறுன்னா கயிறுதான். ஆட்டயுங்கூட அதுலதான் கட்றோம். எங்கப்பன் காலத்துலேர்ந்து இந்தச் சாமி முன்னால ஒண்ணே ஒண்ணுதான் கேப்போம். பொண்ணு வாயத் தெறந்து சொல்லணும். அல்லாருக்கும் கேக்கணும்." என் பக்கம் திரும்பினார். "இந்த ஆளக் கட்டிக்க ஒனக்குச் சம்மதமா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தைலம்மாள் கையில் அட்சதையோடு தயாராக நின்றார். வாயைத் திறந்தேன். 'சம்மதம்' என்றுதான் வந்திருக்க வேண்டும்.

"யோசிச்சி சொல்றேங்க" என்று வந்தது.

நானா சொன்னேன்? நான்தான் சொன்னேன்.

நாத்தனார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். இவர் முகத்தில் மை எது, ரத்தம் சுண்டியது எது என்று தெரியவில்லை. பூசாரி மட்டும் தலையை ஆட்டினார். "கேட்டா ரோசிக்கணும். ரோசிக்காம சொல்றதுக்கு எதுக்குக் கேக்கறது?" தேங்காயைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கொல்லைக்குப் போய்விட்டார்.

இறங்கும்போது பஸ்ஸில் நாத்தனாருக்கு வாந்திகூட இல்லை.

மே 15

ஏன் அப்படிச் சொன்னேன்?

அப்போது டீச்சர் ட்ரெயினிங்குக்கு இடம் கிடைத்திருந்தது. ஒரு நாள் அப்பா வந்து, "முடிச்சிட்டேன்" என்றார். எதை முடித்தார் என்று அம்மாவிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். இவர் அடித்ததில்லை, குடித்ததில்லை. கரும்பு லோடு ஏற்றிவிட்டு வந்து தூங்குவார். குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் கேட்டார்களா? ஒருத்தராவது?

மே 17

ஷாலினி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "எனக்காக சொல்லாதம்மா. ஒனக்குத் தோணுனா சொல்லு" என்றாள். பிறகு, "ஆனா கொஞ்சம் சீக்கிரம் தோணுனா நல்லாருக்கும்" என்றாள்.

மே 19

இவர் கொட்டகையிலிருந்து வந்து வாசலில் நின்றார். சட்டையெல்லாம் ஆட்டு ரோமம். உள்ளே வரலாமா என்று கேட்டார். இந்த வீட்டுக்குள் வர இவர் என்னைக் கேட்டது இதுதான் முதல் தடவை.

"மலரு, உண்மையச் சொல்லட்டா? ஒன்னப் பாக்க வந்த அன்னிக்கி நான் ஒன்னப் பாக்கவே இல்ல. கூச்சம். எங்கப்பா முதுகுல ஒரு தட்டு தட்டனாரு, தலைய ஆட்டனேன். என்னயும் யாரும் கேக்கல."

இத்தனை வருடத்தில் இது எனக்குத் தோன்றவே இல்லை. என்னை மட்டும்தான் கட்டி வைத்தார்கள் என்று நினைத்திருந்தேன்.

"அப்புறம் எப்பப் பாத்தீங்க?"

"கல்யாணம் ஆயி ஒரு மாசம் இருக்கும். அங்க, குழாயடில நின்னுக்கினு யாரையோ திட்டிக்கினு இருந்த. அட, நம்ப பொண்டாட்டி நல்லாத்தான் இருக்கறான்னு நெனச்சேன்."

திட்டும்போதா! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு கேட்டேன்: "சரி, இப்பக் கேக்கறேன். என்னைக் கட்டிக்க ஒங்களுக்குச் சம்மதமா?"

மோவாயைத் தடவினார். "நானும் ரோசிச்சி சொல்லட்டா?"

முறத்தை எடுத்து வீசினேன். குனிந்துகொண்டார். குனிந்தபடியே, "சம்மதம், சம்மதம்" என்றார். தெருவுக்கே கேட்டிருக்கும்.

மே 21, புதன்

மலைக்குப் போனோம். சத்தமாகச் சொன்னேன். எதிர் மலையில் ஆடு மேய்த்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். நாத்தனார் அழுதுகொண்டே முடிச்சுப் போட்டார். எத்தனை போட்டாரோ, வீட்டுக்கு வந்து அவிழ்த்து ஒழுங்காகக் கட்டுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

தைலம்மாள் அட்சதை போட்டார். கல்யாணம் ஜூன் எட்டு என்று உறுதியாகிவிட்டது. ஆனால் அவர் ஏனோ பூசாரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூன் 8, ஞாயிறு

உடம்பெல்லாம் வலி. இருந்தாலும் எழுதிவிட வேண்டும்.

சந்தோஷ் தாலியைக் கையில் எடுத்தான். மேளக்காரர் குச்சியை ஓங்கிவிட்டார். ஷாலினி கையைக் காட்டி நிறுத்தினாள். "என்னை இன்னும் யாரும் கேக்கல" என்றாள்.

மண்டபத்தில் ஒரே சலசலப்பு. மாப்பிள்ளைக்கு நெற்றியெல்லாம் வியர்த்துவிட்டது. நான் எழுந்து போய் எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டேன். அவள் சொன்னாள். அவனைக் கேட்பதற்குள்ளேயே, "எனக்கு எப்பவோ சம்மதங்க அத்தை" என்றான். ஓங்கிய குச்சி இறங்கியது.

தட்டை முதலில் நாத்தனார் கையில்தான் கொடுத்தேன். பந்தியில் அவருக்கு மட்டும் அப்பளம் ஜாஸ்தி.

எல்லாம் முடிந்து பாத்திரங்களை எண்ணிக்கொண்டிருந்தேன். தைலம்மாள் வந்து பக்கத்தில் நின்றார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"சம்பந்தியம்மா, அந்தப் பூசாரி புதன்கெழமதான் இருப்பாரா? எங்க வூட்டுக்காரர வேற எதுக்கோன்னு சொல்லித்தான் கூட்டிக்கினு போவணும்."

"எதுக்குங்க, ஒங்க கல்யாணத்துல ஏதாச்சும் கொறயா?"

"ஒரு கொறயும் இல்ல. முடிச்சி, நெருப்பு, அல்லாம் சரியாத்தான் நடந்துச்சி." முந்தானையைச் சரிசெய்துகொண்டார். "சும்மா, ரோசிச்சி சொல்றேன்னு நானும் ஒரு தபா சொல்லிப் பாக்கணும்."