கடன் என் பேரில், வீடு தம்பி பேரில்

ஜூலை 7, திங்கள்

காலையிலிருந்து புழுதிக் காற்று. அரை நாள் லீவு போட்டு, வீட்டுக் கடன் கேட்டு அப்பா, தம்பியோடு பாளையங்கோட்டை வங்கிக்கு. சம்பளச் சீட்டு, பான், ஆதார் எல்லாம் சரி.

சம்பளம் என்னுடையது. மேனேஜர் பேசியதெல்லாம் தம்பி செல்வத்திடம்.

"அக்காவுக்குக் கல்யாணம் ஆயிட்டா தவணை யாரு கட்டுவா?"

"நாங்க இருக்கோம்லா சார்."

இருக்கிறான். அது ஒன்றைத்தான் ஒழுங்காகச் செய்கிறான். டிகிரி பாதியில், பைக் தவணை பாக்கி.

எவ்வளவு கடன் கிடைக்கும் என்று முதலில் கடிதம் வாங்கிக்கொண்டு, அப்புறம் வீடு பார்க்கச் சொன்னார் மேனேஜர். அப்பா தலையாட்டினார். அவர் தலையாட்டினால் கேட்கவில்லை என்று அர்த்தம்.

ஜூலை 11, வெள்ளி

சாரல். ஆபீஸ் விட்டு வந்தால் வீட்டில் அல்வா. ஆடி பிறக்க ஒரு வாரம்கூட இல்லையாம். வீட்டுப் புரோக்கர் அப்பாவிடம் சொன்னாராம்: "அண்ணாச்சி, ஆடியில யாரு அட்வான்ஸ் வாங்குவா? இன்னைக்கே முடிச்சிருங்க."

முடித்துவிட்டார்கள். அப்பாவின் சீட்டுப் பணம் முழுக்க அட்வான்ஸாக. ஒப்பந்தம் செல்வம் பேரில். நான் அந்த வீட்டைப் பார்க்கக்கூட இல்லை.

ஏன் அவன் பேரில் என்று கேட்டேன். அதைக் கேட்கவே எனக்கு அரை மணி நேரம் ஆனது.

"பொம்பளப்புள்ள பேருல வாங்குனா, நாளைக்கு மருமவன்லா வந்து உக்காருவான்," அப்பா.

"அக்கா, ஒனக்குக் கடன் அடைச்ச புண்ணியம்," செல்வம். சிரிப்பு வேறு.

அல்வா நன்றாக இருந்தது. தின்றேன்.

ஜூலை 14, திங்கள்

மறுபடி வங்கி. ஒப்பந்தத்தைப் புரட்டிய மேனேஜர், "கடன் ஒருத்தர் பேருல, வீடு இன்னொருத்தர் பேருலயா? நடக்காது."

செல்வத்தையும் கடனில் சேர்க்கலாமா என்றார் அப்பா. மேனேஜர் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தார். பைக் பாக்கி வந்து நின்றது. செல்வம் ஃபேனைப் பார்த்தான்.

மேனேஜர் முதல்முறையாக என்னிடம் திரும்பி, "நீங்க என்னம்மா சொல்லுதீங்க?"

"எனக்குக் கடிதம் மட்டும் தாங்க சார். வேற வீடு நானே பாத்துக்கிடுதேன்."

இந்தத் தடவை அப்பாவுக்குக் கேட்டிருக்கிறது. அப்பா பஸ்ஸில் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.

ஜூலை 19, சனி

கடிதம் வந்துவிட்டது. என் பேர் மட்டும். அட்வான்ஸ் திரும்பாது என்ற புரோக்கர் இப்போது போனை எடுப்பதில்லை. அப்பா என்னோடு பேசவில்லை.

அம்மா துணி மடித்தபடி, "ஏட்டி, நீ வாங்குத வீட்டுல எனக்கும் அப்பாவுக்கும் இடம் உண்டா?"

உண்டு என்றேன்.

செல்வத்தைப் பற்றி அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.