மாமாங்கம் என்று பேர்போட்ட படம்

மகள் புவனேசுக்கு,

நீயும் மருமகனும் பேரப்பிள்ளைகளும் சுகந்தானே? குவைத்தில் நானும் சுகம்.

வெள்ளிக்கிழமை எங்கள் அறையில் நான், என்னோடு வேலைசெய்யும் அன்னம், டிரைவர் ஜெயராஜா மூன்றுபேரும் இருந்தோம். ‘மாமாங்கத் தீர்த்தம்’ என்று யாரோ தெரியாதவர் அனுப்பிய வீடியோவை ஜெயராஜா கம்ப்யூட்டரில் இறக்கினான். எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவென்று கும்பிட்டுக்கொண்டு குந்தினோம். திறந்தால் புலி இயக்கத்தின் சண்டைப்படம்.

“உங்கட மருமகனுக்கும் அனுப்பிட்டனே மாமி!”

“பாக்காமலாடா அனுப்பினாய்?”

“பேரைப் பாத்தன்தானே.”

பயப்படாதே. ஆனால் மருமகன் அதைத் திறக்கவே கூடாது. போனில் ஏற்றியிருந்தால், செங்கலடி ஆமிச் சோதனைச்சாவடிக்குப் போகுமுன் அழிக்கச் சொல். ஒரு இயக்கப் பாட்டுக் கசெட்டுக்காகத்தானே உன் அண்ணனைக் கொண்டுபோனார்கள்.

டெலிபோனில் இதைப் பேசாதே. அழித்ததும், “திருநீறு அனுப்பினேன்” என்று மட்டும் சொல். திருநீறும் கொஞ்சம் அனுப்பு மகள். ஊருக்கு இந்தக் கடிதம் கொண்டுவரும் அன்னம் பெட்டியைப் பூட்டுகிறாள்.

அம்மா.

பி.கு.: மருமகனுக்கு ஒன்றும் நடக்காவிட்டாலும், சாகும்வரை நான் மன்னிக்கப்போகாத ஆள் ஜெயராஜா.