காலர் மட்டும் தைத்தவள்

அன்பு மகள் பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் இருமல் காய்ச்சல் எதுவும் அண்டாமல் நன்றாக இருக்கிறோம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் இந்த ஒற்றை அறையில் எந்த மூலையில் நின்று பேசினாலும் உன் அம்மா காதில் விழும், விஷயமோ அவளைப் பற்றியது. நேரிலேயே புகழ்ந்தால் அப்புறம் அவளைப் பிடிக்க முடியாது, அதனால்தான் கடிதம்.

நோய்க்காகத் தெரு முனையில் கட்டியிருந்த மூங்கில் தடுப்பை எடுத்துவிட்டார்கள். மார்க்கெட் மட்டும் இன்னும் பாதிதான் திறந்திருக்கிறது, லாரி வந்தால்தானே மூட்டை, மூட்டை வந்தால்தானே எனக்கு வேலை. வீட்டு வேலைக்குப் போனவர்களை, உங்க பக்கம் நோய் அதிகமாமே, கொஞ்ச நாள் கழிச்சு வாங்க என்று வாசலோடு அனுப்பிவிட்டார்கள். உன் அம்மாவுக்குத் தைக்கத் துணி கொடுத்துவந்த கம்பெனியும் பூட்டிக் கிடக்கிறது. மெஷின் சும்மாதானே கிடக்கு, வித்துடுங்கப்பா என்று நீ சொன்னது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. அரிசி டப்பாவைத் தட்டினால் உள்ளேயிருந்து பதில் வருகிற நிலைமை. பழைய தையல் மெஷின் வாங்குகிற தள்ளுவண்டிக்காரரிடம், வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று உன் அம்மாவுக்குத் தெரியாமல் சொல்லிவைத்தேன். பக்கத்து வீட்டு அக்கா தன் மெஷினை அதற்கு முன்பே அவரிடம் கொடுத்துவிட்டாள், பாவம், பிள்ளைகள் பசி பொறுக்காது.

அந்தச் சமயம் பார்த்து ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலைக்குப் புது ஆட்கள் எடுத்தார்கள், நம் தெருவிலிருந்தே நிறையப் பேர் போனார்கள். அவர்களுக்கெல்லாம் சட்டை வேண்டும், துணி நாங்கள் தருகிறோம், அவசரம், தைக்க ஆள் இருக்கிறதா என்று அங்கே ஆள் எடுத்த மேஸ்திரி கேட்க, நாங்க தைக்கிறோம் என்று உன் அம்மா சொல்லிவிட்டு வந்தாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உனக்குத் தெரியாததா, அவள் காலமெல்லாம் தைத்தது காலர் மட்டும்தான். பக்கத்து வீட்டு அக்காவுக்குச் சட்டைக் கை மட்டும் வரும். எதிர்வீட்டுப் பெண் காஜா எடுப்பாள், பட்டன் வைப்பாள். ஒரு முழுச் சட்டையை முதலிலிருந்து கடைசிவரை தைத்தவர் நம் தெருவில் ஒருவர்கூடக் கிடையாது. ஆளுக்கொரு துண்டு தைத்து அனுப்பினால் கம்பெனியில் யாரோ சேர்ப்பார்கள், அந்த யாரோவை இவர்கள் பார்த்ததுகூட இல்லை.

முதல் சட்டையை எனக்குத்தான் மாட்டினார்கள். உடம்பு சரி, காலர் சரி, கை மட்டும் ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைக்கு. அக்கா இதுநாள்வரை தைத்ததெல்லாம் பள்ளிக்கூடச் சீருடைக்கு, அந்த அளவு அவள் விரலிலேயே ஊறிப்போய்விட்டது, அளவு கேட்க அவளுக்கும் தோன்றவில்லை, சொல்ல உன் அம்மாவுக்கும் தோன்றவில்லை. நான் கையை இறக்க முடியாமல் நிற்கிறேன், மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். தடுப்புக் கட்டிய நாளிலிருந்து உன் அம்மா வாய்விட்டுச் சிரித்து அன்றைக்குத்தான் கேட்டேன். சிரித்து முடித்துவிட்டு என்ன செய்தாள் தெரியுமா, பெட்டியில் இருந்த என் ஒரே நல்ல சட்டையை எடுத்து, என்னை ஒரு வார்த்தை கேட்காமல், தையல் தையலாகப் பிரித்துத் தரையில் பரப்பிவிட்டாள். எது எதோடு சேருகிறது என்று குனிந்து பார்ப்பதும் சேர்ப்பதும் பிரிப்பதுமாக மூவரும் கற்றுக்கொண்டார்கள். இந்த வயதில், சொல்லிக்கொடுக்க ஒரு ஆளில்லாமல் பாப்பா, யாருக்கு வரும் அந்தத் துணிச்சல்.

ஒரே மெஷின், உன் அம்மா எழுந்தால் அக்கா உட்காருவாள். அப்படியும் வேலை பின்தங்கியது, சொன்ன நாளில் தராவிட்டால் வேறு இடத்தில் கொடுத்துவிடுவேன் என்று மேஸ்திரி கறாராகச் சொல்லிவிட்டார். இந்த நேரத்தில் தள்ளுவண்டிக்காரர் வந்து வாசலில் நிற்கிறார், உங்க வீட்டுக்காரர்தான் வரச் சொன்னார் என்கிறார். நான் அவரை மறந்தே போயிருந்தேன். உன் அம்மா என்னைப் பார்த்தாள், நான் கூரையைப் பார்த்தேன். அவள் வெளியே போய் வண்டியில் கிடந்த சாக்கை விலக்கினாள், அடியில் அக்காவின் மெஷின். இன்னுமா விக்கலை என்று கேட்டாள். இப்ப எவன்மா வாங்குறான், ஊரே விக்கத்தான் பாக்குது என்று அவர் அலுத்துக்கொண்டார். அப்ப இதை இறக்குங்கண்ணே, உங்க வண்டியில துருப்பிடிக்கிறதுக்கு எங்க வீட்டுல ஓடட்டும், தைக்கத் தைக்கக் காசு கொடுத்து அடைச்சிடுறோம் என்றாள். அந்த மனுஷர் தாடையைச் சொறிந்துகொண்டார், பிறகு ஒரு பக்கம் பிடிங்க என்று என்னைக் கூப்பிட்டார். ஒன்றை வாங்க வந்தவர் ஒன்றை வைத்துவிட்டுப் போனார். அக்கா மெஷினைத் தொட்டுத் தொட்டு அழுதாள். எனக்குத் திட்டு விழும் என்று காத்திருந்தேன், நின்னுட்டே இருந்தா எப்படி, எண்ணெய் எடுத்துட்டு வாங்க என்றதோடு சரி.

எனக்குப் பெருமையாக இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இவ்வளவும். சட்டைகள் சொன்ன நாளில் போய்விட்டன, அடுத்த துணியும் வந்துவிட்டது. நீ வயிற்றைக் கட்டி இங்கே பணம் அனுப்பாதே, அந்த ஊர்க் குளிருக்கு நல்லதாக ஒரு ஸ்வெட்டர் வாங்கிப் போட்டுக்கொள், வெளியே போனால் முகத்தை மூடிக்கொண்டு போ. நோய் நொடி இல்லாமல் நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள், மெஷினை விற்பது பற்றி இனி என்னிடம் சொல்லாதே, சொல்வதானால் அவளிடமே சொல், எனக்குத் தைரியம் இல்லை.

இப்படிக்கு,
உன் அம்மாவிடம் எடுபிடி வேலைக்குச் சேர்ந்திருக்கும்
உன் அன்பு அப்பா