டாட்டு வளை தோண்டியவர்களின் இரத்தத்தைச் சோதிக்க வேண்டி

அனுப்புநர்:
ஜொசினெய்டெ பெரெய்ரா,
இம்புரானா குடியிருப்பு,
பியாவி மாநிலம், பிரேசில்.

பெறுநர்:
சுகாதார அதிகாரி அவர்கள்,
நகராட்சி அலுவலகம், இம்புரானா.

பொருள்: என் கணவரின் மரணமும், என் மகனுக்குச் செய்ய வேண்டிய பூஞ்சைச் சோதனையும் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவர் அதாவுத்தோ கடந்த ஜூலையில் மூச்சுத் திணறி இறந்தார். காசநோய் என்று மாதக்கணக்கில் மாத்திரை கொடுத்தார்கள். அவருக்கு இருந்தது காசநோய் அல்ல. காய்ந்த மண்ணில் வாழும் பூஞ்சை ஒன்று புழுதியோடு நுரையீரலில் இறங்கியிருந்தது.

2. மழை பொய்த்தால் எங்கள் ஆண்கள் டாட்டு வேட்டைக்குப் போவது தாங்கள் அறிந்ததே. ஓடு போர்த்த அந்தப் பிராணியை வளைக்குள் தலையை விட்டுத் தோண்டித்தான் பிடிக்க வேண்டும். அது குற்றம் என்பதால், என்ன வேலை செய்தாய் என்று மருத்துவமனையில் கேட்டபோது என் கணவர், "கிணறு வெட்டுனேன் டாக்டர்" என்றார். என்னிடம், "வாயத் தொறந்துடாத புள்ள, வனப் போலீஸ் எல்லாரையும் அள்ளிட்டுப் போயிருவான்" என்றார். இங்கே இருமுகிற அத்தனை பேரும் கிணறு வெட்டியதாகத்தான் சொல்கிறார்கள். அது உண்மையானால் எங்களுக்குத் தண்ணீர்ப் பஞ்சமே இருந்திருக்காது.

3. அவரோடு வேட்டைக்குப் போய்வந்த எங்கள் நாயும் இருமியே செத்ததைப் புதிதாக வந்த டாக்டர் லுசியாராவிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். "நாயுமா? மறைக்காமச் சொல்லுங்கம்மா, டாட்டு தோண்டுனாரா?" என்று கேட்டார். தலையாட்டினேன். உடனே என் கணவரின் இரத்தத்தை எடுத்துத் தலைநகர ஆய்வகத்துக்கு அனுப்பினார். அந்தப் பூஞ்சையை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருள் இரத்தத்தில் இருந்தால், ஆய்வகத்தில் ஜெல் பூசிய தட்டில் வெள்ளைக் கோடு விழுமாம். கோடு விழுந்தது. அந்தச் செய்தி வந்தபோது அவரை அடக்கம் செய்து முடித்திருந்தோம். டாக்டர் கேட்டால்தான் அந்தச் சோதனை செய்வார்களாம். தோண்டியது தெரியாமல் டாக்டர்கள் எப்படிக் கேட்பார்கள்?

4. அப்பாவோடு தோண்டப் போன என் மகன் ஜெனிவல் இப்போது இருமுகிறான். டாக்டர் லுசியாரா மாற்றலாகிப் போய்விட்டார். புது டாக்டரிடம் இவனும் கிணற்றுக் கதையையே சொல்லிவிட்டு வந்திருக்கிறான். உண்மையைச் சொல்லச் சொன்னால், "என்னம்மா, என்னைய உள்ள தள்ளப் பாக்குறியா?" என்று என்மேல் பாய்கிறான். இராத்திரியெல்லாம் அந்த இருமலைக் கேட்டுக்கொண்டு கிடக்கிறேன். பயமாக இருக்கிறது ஐயா.

5. மருத்துவமனையில் சொல்வது போலீஸ் காதுக்குப் போகாது என்று தாங்கள் ஊரறிய அறிவிக்க வேண்டும். தோண்டியவர்கள் இருமினால் அந்தச் சோதனையைச் செய்ய உத்தரவிட வேண்டும்.

என் மகன் டாட்டு தோண்டினான். அவனுக்குத் தெரியாமல் இதை நானே எழுதித் தருகிறேன். முதலில் அவன் இரத்தத்தைச் சோதித்து மருந்து கொடுங்கள். அதன்பிறகு கைது செய்வதானாலும் செய்துகொள்ளுங்கள். சிறையில் இருக்கும் மகனை நான் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துக்கொள்வேன்.

இடம்: இம்புரானா
நாள்: 14.09.2016

இப்படிக்கு,
ஜொசினெய்டெ பெரெய்ரா