தூர் வாருவதற்கு முன்

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. அம்மாவின் முழங்கால் வலியைத் தவிர இங்கே எல்லோரும் நலம். எட்டு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. கோபம் அப்பாவோடு என்றால் எனக்காவது எழுதியிருக்கலாம்.

வரும் திங்கட்கிழமை அப்பா நம் மீன்குஞ்சுக் குளத்தைத் தூர் வாரப் போகிறார். மண் அள்ளும் வண்டிக்கும் சொல்லியாகிவிட்டது. குளிர் தொடங்கியதும், வட்ட இலையோடு மிதக்குமே நம் தட்டுச்செடி, அது முழுக்க மஞ்சளாகி அழுகிப்போனது. குஞ்சுகள் ஒதுங்க மறைவில்லை. மீன்கொத்திக்குத் தினமும் விருந்து. "செடி செத்துப்போச்சு. சேத்த வழிச்சுட்டு கடைச் செடியப் போட்டுடலாம்" என்கிறார். ஊதாப் பூ பூக்குமே, அந்தச் செடி. அது ஒரு மழைக்குக் குளத்தையே மூடிவிடும். பிறகு வலை எங்கே இறங்கும்?

ஆனால் நம் செடி சாகவில்லை அக்கா. வலையை அலசும்போது சேற்றில் மிளகு அளவில் பச்சை மொட்டுகள் இருந்தன. அழுகுவதற்கு முன் அவற்றைக் கழற்றி அடியில் போட்டிருக்கிறது. நாலைந்தை எடுத்துத் தண்ணீர் பாட்டிலில் போட்டு, அடுப்பருகே ஜன்னலில் வைத்தேன். பன்னிரண்டாம் நாள் ஒன்று மேலே வந்து இலை விரித்தது. தண்ணீர் சூடேறினால் குளத்திலும் இப்படித்தான் வரும்; சேற்றை அள்ளினால் மொட்டுகளும் அதோடு போய்விடும்.

அப்பாவிடம் சொல்ல மூன்று முறை போனேன். முதல் முறை வாசலோடு திரும்பிவிட்டேன். அடுத்த முறை "என்ன, வாய்ல பூட்டா?" என்றார். மூன்றாம் முறை தரையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லி, பாட்டிலையும் நீட்டினேன். "பாட்டில்ல மொளச்சா குளத்துல மொளச்சிடுமா? ஒன்பதாவதோட நின்னவ எனக்குப் பாடம் எடுக்கறியா?" என்றார்.

நானா நின்றேன்? நீ சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டு போன மறுவாரமே வலையை என் கையில் கொடுத்து நிறுத்தியது யார்? அதை அவரிடம் கேட்க வாய் வரவில்லை. இந்தக் காகிதம் இரண்டு இடத்தில் பேனா அழுந்திக் கிழிந்திருப்பது அதனால்தான்.

குளத்து விஷயத்தில் அவர் கேட்பது உன் பேச்சை மட்டும்தான். உன் பேச்சை எடுத்தால் "அவ கதை முடிஞ்சுபோச்சு" என்கிறார். கண்ணுக்குத் தெரியாவிட்டால் செத்தது என்பதுதானே அவர் கணக்கு. ஆனால் தொலைபேசி அடித்தால் ஈரக்கையோடு முதலில் ஓடுவதும் அவர்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடு. குளத்தைப் பற்றி மட்டும் பேசு, போதும். மணி அடித்தால் நான் எடுக்க மாட்டேன். அவரே எடுக்கட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள். பாட்டிலில் இரண்டாவது மொட்டும் அடியிலிருந்து கிளம்பிவிட்டது.

உன் அழைப்புக்குக் காத்திருக்கும்,
தங்கை