எலியா ஐயாவின் நான்கு சுற்று

அக்டோபர் 9, வியாழன்

காலையிலேயே வெயில். காளவாசல் சிக்னலில் பத்து நிமிடம். முதியோர் ஹோமுக்கு வந்ததும் மேனேஜர் செல்வி மேடம் கூப்பிட்டார். எலியா ஐயா நேற்று மறுபடி விழுந்துவிட்டார். பாத்ரூம் வாசலில். ஒரே மாதத்தில் இரண்டாவது தடவை.

"போதும் ஜெயந்தி. இனி வீல்சேர்தான். பின்பக்க அறைக்கு மாத்திருவோம்."

பின்பக்க அறை என்றால் படுத்த படுக்கையானவர்களுக்கு. அங்கே போனவர் யாரும் நடந்து திரும்பியதில்லை. புதன்கிழமை வரை தவணை கேட்டேன். என்ன தைரியத்தில் கேட்டேன் என்று தெரியவில்லை. "சரி. நடுவுல ஒருக்கா விழுந்தாலும் அவ்வளவுதான்" என்றார்.

ஐயாவுக்கு எண்பத்திரண்டு. நடுக்குவாதம், பார்க்கின்சன். காலில் பலம் இருக்கிறது. ஆனால் நடக்கும்போது திடீரென்று பாதம் தரையில் ஒட்டிக்கொள்ளும். உடம்பு மட்டும் முன்னால் போகும். கொச்சி யூதர். மில்லில் மெக்கானிக் வேலைக்கு வந்து ஐம்பது வருடமாக மதுரைக்காரர். மனைவி இல்லை, பிள்ளைகள் இல்லை. இஸ்ரேலில் ஒரு தங்கை, மிரியம்.

முக்கியமானது: மதியம் நான் போனபோது தங்கை போனில் பாடிக்கொண்டிருந்தார். மலையாளப் பாட்டு. அவர்கள் வீட்டுப் பெண்கள் பண்டிகைக்குப் பாடுவதாம். ஐயா நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். கால் இரண்டும் தாளம் போடுகின்றன! சீராக, மாறி மாறி. எட்டு மாதமாகப் பிசியோதெரபியில் நான் கெஞ்சியும் வராதது.

"நிறுத்தாதீங்கம்மா, பாடிக்கிட்டே இருங்க" என்று போனைப் பார்த்துக் கத்தினேன். ஐயாவை எழுப்பிவிட்டேன்.

பதினோரு அடி. ஒரு இடத்தில்கூட ஒட்டவில்லை. பதினோரு அடி!

தங்கையிடம் பாட்டைப் பதிவு செய்து அனுப்பச் சொல்லியாயிற்று.

அக்டோபர் 10, வெள்ளி

காலை: தாளம் மட்டும் போதுமா என்று பார்க்க, போனில் டிக் டிக் ஆப். மூன்று அடியில் நின்றுவிட்டார். "என்னைய கடியாரமாக்கப் பாக்குறியா?"

பத்து மணி: பக்கத்து அறைக் கருப்பையா ஐயாவின் யோசனைப்படி குத்துப்பாட்டு. எலியா ஐயா சிரித்த சிரிப்பில் விழப் பார்த்தார். அவர் இடுப்பில் கட்டிய பட்டையை நான் பிடித்திருந்ததால் பிழைத்தோம். மேடம் பார்க்கவில்லை.

கருப்பையா ஐயா உசிலம்பட்டிப் பக்கம் விவசாயம் பார்த்தவர். மூட்டு வலி. நான் சொல்லும் பயிற்சி எதையும் செய்யமாட்டார். வேடிக்கை மட்டும் பார்ப்பார்.

மூன்று மணி: தங்கையின் பதிவு வந்தது. ஹாலின் பாதி தூரம்!! கையில் ரோமம் சிலிர்த்துவிட்டது எனக்கு. ஏதோ ஒரு பாட்டு என்றால் ஆகாது. இந்தப் பாட்டுதான் வேண்டும், அந்தக் காலுக்கு.

வாங்க: குடை, ஷூ லேஸ் (ஐயாவுக்கு), தயிர்.

அக்டோபர் 12, ஞாயிறு

நேற்று எனக்கு லீவு. இன்று லீவு இல்லாமலே லீவு நாள் மாதிரி சந்தோஷம். ஹாலில் முழுச் சுற்று, வாக்கரோடு.

ஐயா ஒரு சேதி சொன்னார். செவ்வாய் சாயங்காலம் அவர்களுக்குப் பெரிய நாள். வேதச் சுருளை வாசித்து முடித்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கும் நாள். சுருளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஆண்கள் ஏழு சுற்று ஆடுவார்களாம். மதுரையில் சுருளும் இல்லை, சுற்ற ஆளும் இல்லை. அப்பாவின் ஜெப புத்தகம் இருக்கிறது.

"அதைப் பிடிச்சுக்கிட்டு ஒரு சுத்து சுத்தணும்மா."

"சுத்தலாம் ஐயா. வாக்கர்ல ஒரு பை மாட்டி..."

"பையில போடுறதுக்கு அது காய்கறியா? ரெண்டு கையாலயும் புடிக்கணும்."

இரண்டு கையாலும் என்றால் வாக்கர் கிடையாது. முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். "சரி" என்றுதான் வந்தது.

அக்டோபர் 13, திங்கள்

தூறல். காலை, மாலை இரண்டு முறை பயிற்சி. கையில் தலையணை, நான் பின்னால் பட்டையோடு. முக்கால் சுற்று. திரும்பும் இடத்தில், தண்ணீர் கேன் பக்கம், கால் ஒட்டுகிறது. ஐந்து மணிக்குக் கிளம்பிவிட்டேன். வீட்டில் சாம்பார் வைக்கும்போதும் அதே மெட்டு. "என்ன பாஷைடி அது?" என்று அவர் கேட்கிறார்.

அக்டோபர் 14, செவ்வாய்

மணி பத்தாகிவிட்டது. இருந்தாலும் எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும்.

காலையில் போனால் ஐயா போனை அணைத்து அலமாரியில் வைத்திருக்கிறார். பெரிய நாளுக்கு முந்தின நாளும் பண்டிகையாம், நேற்று சாயங்காலமே தொடங்கிவிட்டதாம். நாளை சூரியன் இறங்கும்வரை போன் தொடக்கூடாது.

"என் போன்ல போடுறேன் ஐயா."

"வேணாம்மா. எனக்காக நீ போட்டாலும் தப்புதான்."

"பாட்டு இல்லாம கால் வராதே!"

"நீ பாடு."

நானா! பள்ளிக்கூடத்தில் பிரேயரில்கூட வாயை மட்டும் அசைத்தவள். நாள் முழுக்க வேறு வேலை எதுவும் ஓடவில்லை.

ஆறரை மணி. வெள்ளைச் சட்டை, தலையில் சின்னத் தொப்பி, நெஞ்சில் புத்தகம். மேடம் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு. பாட ஆரம்பித்தேன். இரண்டாவது வரியில் மெட்டு எங்கேயோ போய்விட்டது. ஐயாவின் கால் நின்றது. பட்டையை இறுக்கிப் பிடித்தேன்.

ஹால் மூலையிலிருந்து ஒரு குரல். "அப்படி இல்லம்மா. அங்க மேல போகணும்."

ருக்மணி அம்மா! எலியா ஐயாவின் அடுத்த அறை. வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிறவர், புடவைக் கடை நடத்தியவர், அதிகம் பேசமாட்டார். ஐந்து நாளாகச் சுவர் வழியே கேட்டே மெட்டு முழுவதையும் பிடித்துவைத்திருக்கிறார். வார்த்தை கிடையாது, வெறும் தானனா. ஆனால் அப்படியே மிரியம் அம்மாவின் ஏற்ற இறக்கம். நான் அவர் குரலைப் பிடித்துக்கொண்டேன். கருப்பையா ஐயா தொடையில் தாளம் தட்டினார். கால் நகர்ந்தது.

தண்ணீர் கேன். திரும்பும் இடம். ஒட்டிவிட்டது.

யாரும் நிறுத்தவில்லை. ருக்மணி அம்மா இன்னும் சத்தமாக. "விடாதண்ணே, வா வா வா" என்று கருப்பையா ஐயா. எலியா ஐயா நின்ற இடத்திலேயே இடதும் வலதும் ஆடினார், ஆடினார்... வலது பாதம் கிளம்பிவிட்டது!

ஒரு சுற்று முடிந்தது. நாற்காலியை இழுத்தேன்.

"இரு. இன்னும் இருக்கு."

இரண்டாவது சுற்றில் மேடமே வந்து மேசையை நகர்த்தி வழிவிட்டார். மூன்றாவதில் புத்தகத்தைத் தலைக்கு மேல் தூக்கி ஒரு குதி. குதி!! எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. அது விழுதல் இல்லை, ஆட்டம். நான்காவது முடிந்ததும் அவரே உட்கார்ந்தார். வியர்வை, மூச்சு, சிரிப்பு, அழுகை எல்லாம் ஒன்றாக.

"மூணு பாக்கி. கடவுள் கோவிச்சுக்க மாட்டாரு."

ருக்மணி அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எம்புட்டு நாளாச்சு நான் வாயத் திறந்து பாடி" என்றார்.

மேடம் போகும்போது என் தோளில் ஒரு தட்டு.

அக்டோபர் 15, புதன்

நல்ல மழை. புதுக் குடையை வீட்டிலேயே மறந்துவிட்டேன், தெப்பமாக நனைந்து போய்ச் சேர்ந்தேன். பதிவேட்டில் மேடம் கையெழுத்து: அறை மாற்றம் இல்லை. தினமும் இரண்டு முறை நடைப்பயிற்சி, பாட்டுடன். 'பாட்டுடன்' என்பதற்குக் கீழே கோடு போட்டிருக்கிறார்.

எலியா ஐயாவுக்கு ஆடுசதை வலி. அதையே எல்லோரிடமும் பெருமையாகக் காட்டுகிறார். இன்று சூரியன் இறங்கியதும் தங்கையிடம் அவரே சொல்வாராம். யாரும் முந்தக்கூடாது, முக்கியமாக நான்.

ஹாலுக்குள் போனால் நாற்காலிகள் எல்லாம் சுவரோரம். நடுவே காலியிடம். ருக்மணி அம்மா, எலியா ஐயா, இன்னும் நான்கு பேர். முன்னால் கருப்பையா ஐயா, எட்டு மாதத்தில் முதல் முறையாக என் பயிற்சிக்கு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு.

"ஏத்தா, எம்புட்டு நேரமா நிக்கிறது? ஆரம்பி."

நான் இன்னும் கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.